மறு: ரூம்ல என்ட கப்பைத் தனியா வச்சிட்டான்

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். உப்புவெளி ரூம்ல உங்கட கையில கட்டி வந்தோடனே கூட இருக்கிறவன் போன்ல எம்பொக்ஸ் (குரங்கம்மை) நியூஸைக் காட்டி "இது ஆம்பிளையை விரும்புற உங்கட ஆக்களுக்கு வாற வருத்தம்தானே" எண்டு கேட்டு உங்கட தேத்தண்ணிக் கப்பை ஜன்னல்கட்டில தனியா வச்சானாமே, வாசிக்கேக்க நெஞ்சு எரிஞ்சுது.

அவனிட்ட சொல்லுங்க, 1970ல கொங்கோவில மனுசரில எம்பொக்ஸ் முதன்முதல்ல கண்டது ஒரு கைக்குழந்தையில. 2022ல ஆண்களோட உறவு வச்ச ஆண்களுக்குத்தான் கூட வந்தது, அதை மறைக்கத் தேவையில்ல, ஆனா அது தோலோட தோல் நெருங்கிப் படுறதால வந்தது, ஆர் ஆரை விரும்புறாங்க எண்டு வைரஸுக்குத் தெரியாது. 1982ல எயிட்ஸுக்கும் முதல்ல 'கே' (ஆணை விரும்புற ஆண்) எண்ட சொல்லைச் சேர்த்துத்தான் பேர் வச்சாங்க, அந்த வருசமே மாத்தியும் சனத்திட வாயில அது நிண்டிட்டுது. 2008ல அமெரிக்காவில மருந்துக்கு மசியாத, தோல்ல தொற்றுற ஸ்டாப் எண்ட கிருமியையும் பேப்பர்கள் இப்பிடித்தான் எழுதினது, அது ஜிம் டவலாலயும் ஆருக்கும் ஒட்டும், கூடுதலாக் கட்டியாத்தான் வரும்.

அதால கட்டியை நோண்டாம மூடிக் கட்டுங்க, டவலைக் குடுக்காதீங்க. காய்ச்சல் வந்தாலோ நெறி கட்டினாலோ உடன டொக்டரிட்ட போகவேணும். அரச எஸ்.டி.டி. (பாலுறவால தொற்றுற வருத்தங்களைப் பாக்கிற) கிளினிக்ல காசில்ல, கதைச்சது வெளிய போகாது. தனியப் போகப் பயமெண்டா எனக்கு மெசேஜ் போடுங்க, பஸ் ஸ்டாண்டடிக்கு நான் வாறன்.