அஞ்சிய பூச்சியின் படம்

அன்புள்ள ஐயா,

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பூச்சிகளை மிக நெருக்கத்தில் படமெடுக்கும் ஆசையில் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கினேன். பாதிப் படங்கள் மங்கலாகவே வருகின்றன. படமெடுப்பதில் பழக்கமுள்ள ஒருவர், பூச்சியைப் பிடித்துச் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் அசையாது, பிறகு தானே தெளிந்துவிடும், எல்லோரும் செய்வதுதான் என்றார். எங்கள் எலுமிச்சை மரத்துப் புழு ஒன்றை டப்பாவில் போட்டு வைத்தேன். ஆயா பார்த்துவிட்டு, "உண்கிற சோற்றின் பக்கத்தில் ஓர் உயிரை விறைக்க வைப்பாயா" என்று கோபித்துக்கொண்டார். ஆயா சொல்வது சரிதானா? ஃபிரிட்ஜ் இல்லாமல் தெளிவான படம் எடுப்பது எப்படி? இன்னும் விலை கூடிய லென்ஸ் வேண்டுமா? சிலந்தி என்றால் எனக்கு இன்றும் பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் போடுவதற்கு முன் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

ஆயா சொன்னது முற்றிலும் சரி. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை.

ஆனால் ஃபிரிட்ஜுக்கு முன்னால், நீங்கள் அனுப்பிய படத்தைப் பற்றிப் பேச வேண்டும். பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டுவார்கள். அந்தக் கொம்புதான் எனக்கு வருத்தம் தருகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் வளர்ந்து, கறுப்பும் மஞ்சளுமான பெரிய வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகிற புழு இது. சிறியதாக இருக்கும்போது பறவை எச்சமென்றே தோன்றும். வளர்ந்த பிறகு இலையின் பச்சையில் கலந்துவிடும். யார் கண்ணிலும் படாமல் இருப்பதே அதன் வாழ்க்கை முறை. அதையும் மீறி யாராவது தொட்டாலோ சீண்டினாலோதான், உள்ளே மடித்து வைத்திருக்கும் கொம்பை வெளியே தள்ளிக் கடுமையான வாடையைப் பரப்பும். உங்கள் விரலோ குச்சியோ படத்தில் இல்லை. ஆனாலும் அது சீண்டப்பட்டது என்பதைக் கொம்பே சொல்லிவிடுகிறது.

நெருக்கப் படங்களில் பரபரப்பானவை என்று கொண்டாடப்படுபவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்டவை. முன்கால்களை உயர்த்தி இறக்கை விரித்து நிற்கும் கும்பிடுபூச்சி நடனமாடவில்லை, மிரட்டுகிறது. முன்கால்களைத் தூக்கிப் பின்னோக்கிச் சாயும் மழைச்சிலந்தியும் அதையேதான் செய்கிறது. தோட்டங்களில் வட்ட வலை கட்டும் பட்டைச் சிலந்தி ஒன்று வலையோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடினால், அது உங்களை அறிந்துகொண்டது, நீங்கள் விலக வேண்டும் என்று பொருள். கேமரா பிடிப்பவர் முதலில் கற்க வேண்டியது இந்த அடையாளங்களைத்தான். லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சரும் ஷட்டரும் அதற்குப் பிறகு வரட்டும். பூச்சி தின்றுகொண்டோ, தன்னைத் துடைத்துக்கொண்டோ, முட்டையிட்டுக்கொண்டோ இருக்கும்போது எடுத்த படம் எவ்வளவு எளிமையானதாக இருந்தாலும், அஞ்சிய பூச்சியின் அற்புதமான படத்தைவிட மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி ஃபிரிட்ஜ். பெரும்பாலான பூச்சிகளுக்கு உடலுக்குள்ளிருந்து சூடு காக்கும் வழி இல்லை. சுற்றியுள்ள வெப்பம் இறங்கினால் அவற்றின் தசைகள் இயங்காமல் நின்றுவிடும். அது தூக்கமல்ல, செயலிழப்பு. வெப்பநாட்டுப் பூச்சிகளில் பலவற்றுக்கு உறைநிலைக்கு மேலான குளிரே உள்காயம் உண்டாக்கப் போதும். வெளியே எடுத்ததும் ஊர்ந்து போவதைக் கண்டு "தெளிந்துவிட்டது" என்று சொல்வதில் எந்த உத்தரவாதமும் இல்லை. படமாகவும் அது தேறாது. உணர்கொம்பு தொங்கும், கால்கள் உள்ளே மடங்கியிருக்கும். டர்பனின் ஈரக்காற்றில் குளிர்ந்த உடல் வெளியே வந்தவுடன் அதன்மேல் நீர் பூத்துவிடும். பூச்சிகளை அறிந்தவர் பார்த்தவுடனே கண்டுகொள்வார். எல்லோரும் செய்வதுதான் என்றாரே, அதற்கு ஒரு செய்தி. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் படப் போட்டியில், வண்டுப் புழுக்களின் ஒளிப்புள்ளிகள் மின்னும் கறையான் புற்றையும் அதனருகே ஓர் எறும்புதின்னியையும் காட்டிய படம் 2017-இல் பரிசு பெற்றது. அந்த எறும்புதின்னி பாடம் செய்து வைத்த உடல் என்று முடிவுக்கு வந்து, 2018-இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள்.

அசையாத பூச்சி வேண்டுமென்றால் அதிகாலையில் போங்கள். இரவுக் குளிர் உடலில் இருக்கும்வரை தும்பியும் தேனீயும் புல்நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். டர்பனில் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது என்பது கஷ்டம்தான். குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்கள் எளிது. கடற்காற்று எழும்பிய பிறகு செடிகள் ஆடும், அப்புறம் ஒன்றும் நடக்காது.

இன்னொரு வழியும் உண்டு. ஓடாத பூச்சியைத் தேர்ந்தெடுங்கள். கோடை முடிகிற மாதங்களில் நம் தோட்டங்களில் கறுப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று பளிச்சிடும் வெட்டுக்கிளியைப் பார்த்திருப்பீர்கள். நச்சுச் செடிகளைத் தின்று அந்த நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்திருக்கிறது. தன்னைத் தின்றால் தின்றவனுக்குத்தான் கேடு என்பதைத் தன் நிறத்தாலேயே அறிவித்துவிடுவதால் அது அவசரப்படுவதில்லை. கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

மங்கலுக்குக் காரணம் உங்கள் லென்ஸ் அல்ல. கேமராவில் படம் பதியும் சென்சாரில் பூச்சியின் உருவம் அதன் உண்மை அளவிலேயே விழும் நெருக்கத்தில், அபர்ச்சரை எஃப் 11 அளவுக்குச் சிறிதாக வைத்தாலும் தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். நீங்கள் மூச்சு விட்டாலே பூச்சியின் கண் அந்த ஆழத்திலிருந்து தப்பிவிடும். அபர்ச்சரை எஃப் 22, எஃப் 32 என்று சுருக்கிக்கொண்டே போனால் ஆழம் கூடும், ஆனால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் மென்மையாகிவிடும். ஆகவே எஃப் 8-க்கும் 11-க்கும் இடையில் நில்லுங்கள். ஃபோகஸைக் கையால் ஓரிடத்தில் வைத்துவிட்டு, வளையத்தைத் திருகாமல் உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துக் கண்ணைப் பிடியுங்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நின்று, பூச்சியின் உடல் முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டர் தளத்துக்கு இணையாக வரும்படி பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி வெளிச்சம். இந்த நெருக்கத்தில் சென்சாருக்கு வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. புது லென்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு சாதாரண ஃபிளாஷ் வாங்குங்கள். அதன் மிகக் குறுகிய ஒளிவீச்சு கை நடுக்கத்தையும் காற்றையும் உறைய வைத்துவிடும். வெறும் ஃபிளாஷ் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டாக எரியும். ஒளி ஊடுருவும் வெள்ளைத் தாளை அகலமாக வளைத்து ஃபிளாஷுக்கு முன்னால் கட்டினால், ஒளி பரந்து மெதுவாக விழும். கடையில் விற்கும் டிஃப்யூசர்களுக்கு இது கொஞ்சமும் குறைந்ததல்ல.

சிலந்திப் பயத்துக்கு உங்கள் லென்ஸே நல்ல துணை. 100 மி.மீ. லென்ஸ் என்பதால் முழு நெருக்கத்திலும் லென்ஸ் முனைக்கும் சிலந்திக்கும் இடையே அரைச் சாணுக்கு மேல் இடம் இருக்கும். தங்கவலைச் சிலந்தியிலிருந்து தொடங்குங்கள். பெண் சிலந்தி வலையை விட்டு உங்களிடம் வரப்போவதில்லை. நூலைத் தொடாமல் இருந்தால் போதும், அது நாள் முழுவதும் அங்கேயே இருக்கும். பொன்னிற இழைகளில் சாய்ந்த வெயில் படும்போது எடுங்கள். வலையின் ஓரத்தில் அதைவிடப் பல மடங்கு சிறிய ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது குட்டியல்ல, ஆண். மழைச்சிலந்தி உள்ளங்கை அளவுக்கு இருப்பதால் நம் வீடுகளில் செருப்படி வாங்குகிறது. அதன் கடி தேனீக் கொட்டுக்கு மேல் போகாது. இலைகளை நூலால் பின்னிய முட்டைப் பையின்மேல் தாய் காவலிருந்தால் மட்டும் நெருங்காதீர்கள். பயத்தினால் சொல்லவில்லை, அதற்கு அப்போது வேறு வேலை இருக்கிறது.

வீட்டுக்கு அருகிலேயே சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம் இருக்கிறது. போகும்போது காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்லில் உண்ணிகள் உண்டு, உண்ணிக்காய்ச்சல் விளையாட்டல்ல. தென்னாப்பிரிக்காவில் 2,000-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுக்கான தேசியக் கணக்கெடுப்பு 1997-இல் தொடங்கியது. எது எங்கே எப்போது வாழ்கிறது என்பதற்கு, இடமும் தேதியும் உள்ள ஒரு சாதாரணப் படமும் சான்றாகும். டப்பாவில் போட்டு இடம் மாற்றி எடுத்த படம் அதற்கும் உதவாது. அடுத்த முறை படம் அனுப்பும்போது இடம், தேதி, நேரம், பூச்சி எந்தச் செடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள்.