எடுத்து வைத்த விதைநெல்லை மச்சானுக்குக் கொடுத்தால் வழக்கா?

கேள்வி: கம்பெனி நெல் வாங்கி நட்டேன், நன்றாக விளைந்தது. ஆறு மூட்டையை விதைக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். 'இது பேட்டன்ட் ரகம். திரும்ப விதைத்தாலும், மச்சானுக்குக் கொடுத்தாலும் கேஸ்' என்கிறார் விதை ஏஜென்ட். உண்மையா? – புவனகிரி வாசகர்

இல்லை. நீங்களும் விதையுங்கள், மச்சானுக்கும் கொடுங்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில் விதைக்கோ பயிர் ரகத்துக்கோ பேட்டன்ட் கிடையாது. ரகங்களுக்கென்று 2001-இல் தனிச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற ரகமானாலும் விவசாயி விதை எடுத்து வைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது அதன் 39-ஆம் பிரிவு. இதைத் தமிழில் அச்சடித்து வேளாண் அலுவலகச் சுவரில் ஒட்ட ஒரு பசை டப்பா போதும். யார் செய்கிறார்கள்?

ஒன்று மட்டும் கூடாது: பிராண்டு விதையாக விற்பது. அதாவது, பதிவு பெற்ற இன்ன ரகம் என்று தெரிகிற மாதிரி லேபிள் போட்ட பையில் விற்பது. கம்பெனியின் காலிப் பையை உதறி அதிலேயே நிரப்பிக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். மார்க்கரால் ரகத்தின் பெயரை எழுதுவதும் வேண்டாம். சாதாரணச் சாக்கில் அளந்து, பெயரை வாயால் சொல்லுங்கள். உங்கள் களத்திலேயே, விதைக்கிறவர் கையில் நேராகக் கொடுத்தால் 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டமும் குறுக்கே வராது. கமிஷனுக்கு ஏஜென்டிடம் தள்ளிவிட்டால் அந்த விலக்கு போச்சு.

2019-இல் தன் பதிவு பெற்ற ரகத்தை நட்டதாகக் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் சிலர் மேல் பெப்சிகோ தலைக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. ஏஜென்டுகள் முதல் பாதியோடு கதையை நிறுத்திக்கொள்வார்கள்.

உங்களுடையது வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) நெல் என்றால் எடுத்து வைக்காதீர்கள். சட்டம் விட்டாலும் பயிர் விடாது, அடுத்த போகம் நெட்டையும் குட்டையுமாக வரும்.

ஏஜென்டின் அக்கறை அவர் பைக்கில் தொங்கும் வெள்ளைப் பையில் இருக்கிறது. 'ஆராய்ச்சி விதை' என்பார். சான்று விதைக்கு நீல அட்டை, உண்மைநிலை விதைக்கு (சான்று வாங்காமல், விற்பவரே தரத்தை எழுதிக் கொடுப்பது) பச்சை அட்டை. இரண்டும் இல்லையென்றால் தொடாதீர்கள். அட்டையின் குவியல் எண் (லாட் நம்பர்) ரசீதிலும் இருக்க வேண்டும். 'பில் போட்டால் ஜிஎஸ்டி' என்பது புளுகு, விதைப்புக்கான நெல்லுக்கு ஜிஎஸ்டி இல்லை. ரசீது இல்லாமல் வாங்கிவிட்டு, முளைக்கவில்லை என்று மாதா மாதம் யாராவது என்னிடம் வந்து நிற்கிறார்கள். நான் என்ன செய்ய? ரசீது இருந்தாலும், மாதிரி எடுத்து முடிவு வருவதற்குள் நடவே முடிந்துவிடுகிறது.

உங்கள் நெல்லில் 100 மணி எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி, காயாமல் தண்ணீர் தெளித்து ஒரு வாரம் பாருங்கள். 80 முளைத்தால் மச்சானை வண்டியோடு வரச் சொல்லுங்கள். குறைந்தால் அரவைக்குப் போடுங்கள்.