சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

முடியும், ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இத்தாலியின் லிகூரியா கடற்கரையில் மொன்தெரோஸ்ஸோ, வெர்னாத்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே ஐந்தும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் சில நிமிடங்கள்தான். அதனாலேயே பலர் நடைமேடையையும் கூட்டத்தையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். மாலையில் கூட்டம் வடிந்த பிறகுதான் வெர்னாத்ஸாவின் சின்னத் துறைமுகத்தில் அலைச் சத்தம் காதில் விழும்.

கொர்னீலியாவை மட்டும் தவறவிடாதீர்கள். மற்ற நான்கும் கடலைத் தொட்டிருக்க, இது சுமார் 100 மீட்டர் உயரப் பாறைமேல் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து 380 படிகளுக்கு மேல் ஏற வேண்டும். அந்தப் பக்கத்து மலைச்சரிவுகளை நின்று பாருங்கள்: சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள், அவை தாங்கி நிற்கும் ஒடுங்கிய மண்பட்டைகளில் திராட்சைக் கொடிகள். 1997இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்ததற்கு, தலைமுறை தலைமுறையாக மனிதர் செதுக்கிய இந்தச் சரிவுகளும் காரணம். கவனிப்பாரற்ற சுவர் சரிந்தால் மண்ணும் சேர்ந்து இறங்கும். 2011 அக்டோபர் பெருமழையில் வெர்னாத்ஸாவும் மொன்தெரோஸ்ஸோவும் சேற்றில் மூழ்கின. ஆகவே படம் எடுக்கச் சுவர்மேல் ஏறாதீர்கள். மலைப்பாதையில் ரப்பர் செருப்புக்குத் தடை உண்டு. பிடிமானமுள்ள ஷூ அவசியம். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே மாதமோ செப்டம்பர் கடைசியோ போங்கள்.