சிறிய இதய மருத்துவமனைகள் பெரிய குழுமங்களோடு இணைந்துவிடுவது ஏன்?

மாவட்டத் தலைநகரங்களில் இதயநோய் நிபுணர்கள் சொந்தமாகத் தொடங்கும் மருத்துவமனைகள் சில ஆண்டுகளிலேயே பெரிய குழுமங்களின் கைக்குப் போவதற்கு ஸ்டென்ட் (இதய இரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) விலைக் கட்டுப்பாடுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். தென்மாவட்டம் ஒன்றில் அத்தகைய மருத்துவமனையின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் எங்களை அதிகம் வாட்டுவது இரவுப்பணிக்கு ஆள் கிடைக்காமைதான்.

2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாயும் வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் உச்சவரம்பாக விதித்தது. அதுவரை ஸ்டென்டில் கிடைத்த லாபத்தைக் கொண்டே கேத் லேப் (ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்கும் அறை) கடனை அடைத்துவந்த மருத்துவமனைகள் திணறின. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அந்த ஆணை நியாயமானது என்பதே என் கருத்து.

இரவுக் கதை வேறு. மாரடைப்போடு வருபவர் வாசலை அடைந்த 90 நிமிடங்களுக்குள் இரத்தக்குழாய் அடைப்பைத் திறக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட வரையறை. நள்ளிரவு 2 மணிக்கு அதைச் செய்ய நிபுணர் மட்டும் வந்தால் போதாது. இயந்திரத்தையும் அழுத்த அளவுகளையும் கவனிக்கும் கேத் லேப் டெக்னீசியன், பக்கத்தில் நின்று கம்பியும் பலூனும் எடுத்துக் கொடுக்கும் செவிலியர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு செவிலியர் என எல்லோரும் வந்தாக வேண்டும். இரண்டே டெக்னீசியன்கள் உள்ள இடத்தில் ஒருவர் தங்கை திருமணத்துக்கு ஊருக்குப் போய்விட்டால், மற்றவர் எல்லா இரவுகளிலும் கைபேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கி, மறுநாள் காலை ஆஞ்சியோவுக்கும் ஈயக் கவசம் அணிந்து நிற்க வேண்டியிருக்கும். பல கிளைகள் உள்ள குழுமம் வேறு ஊரிலிருந்து ஆளை மாற்றி அனுப்பிவிடும். எங்களால் அது முடியாது.

பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி முடித்து வருபவர்கள் எங்களிடம் கை பழகியதும் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார்கள். 'சொந்த வேலை' என்று எழுதி விடுப்புக் கேட்கும் செவிலியர் வளைகுடா வேலைக்கான புரோமெட்ரிக் தேர்வுக்குத்தான் போகிறார் என்பதும் எங்களுக்குத் தெரியும். அங்கே கிடைக்கும் சம்பளத்தை நினைத்தால் தடுக்க மனம் வருவதில்லை. நிபுணர் நிலையும் இதுதான். எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என்று பதினோரு ஆண்டுகளுக்கு மேல் படித்து வருபவர், பிள்ளைகளின் பள்ளியையும் வாழ்க்கைத்துணையின் வேலையையும் எண்ணிப் பெருநகரத்தையே நாடுகிறார்.

இதற்கிடையே காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் எங்கள் நோயாளிகளில் பலர் அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆஞ்சியோ படங்களை ஏற்றுவதற்கும், வரும் விளக்கக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதற்கும் தனி ஆள் வேண்டும். பணம் வந்து சேர்வதற்குள் ஸ்டென்ட் விநியோகஸ்தரின் பாக்கி, கேத் லேப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகை, மாதச் சம்பளம் ஆகிய மூன்றும் வாசலில் நிற்கும்.

எங்கள் ஊரில் இரண்டு மருத்துவமனைகள் சேர்ந்து இரவுப்பணியைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று ஒருமுறை பேசிப் பார்த்தோம். டெக்னீசியன்களும் செவிலியர்களும் உடனே சம்மதித்தார்கள். தம் நோயாளி அடுத்தவரிடம் போய்விடுவாரோ என்று தயங்கியவர்கள் நிபுணர்கள்தான்.