எட்வின் காலின்ஸ்: கேள்விகளும் பதில்களும்

ஸ்காட்லாந்துப் பாடகர், பாடலாசிரியர் எட்வின் காலின்ஸைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: ‘எ கேர்ள் லைக் யூ’ தவிர இவர் பாடிய எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே பாட்டோடு நின்றுபோனவர்தானே?

பதில்: பாதி உலகம் அப்படித்தான் நினைக்கிறது. 1995இல் அந்தப் பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தைத் தொட்டபோது, அவருடைய முதல் இசைத்தட்டு வந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தாளம் லென் பாரியின் 1965ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் டிரம்ஸ் கலைஞர் பால் குக்கும் உண்டு. ஆனால் அவர் இதில் வாசிப்பது வைப்ரஃபோன், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி!

கேள்வி: அதற்கு முன் இவர் பாடிய ஆரஞ்ச் ஜூஸ் குழுவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: பங்க் என்ற ஆவேச ராக் இசைக் குழுக்கள் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், கிளாஸ்கோ பக்கத்துப் பையன்கள் சிலர் கூச்சத்தையும் காதல் தோல்வியையும் சிரித்துக்கொண்டே பாடினார்கள். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவின் கரகரத்த கிதாரையும் ஷீக் குழுவின் டிஸ்கோ தாளத்தையும் ஒரே பாட்டில் கலந்தார்கள். கை சில இடங்களில் தடுமாறும், அதுதான் அழகு. ஆலன் ஹார்ன் கிளாஸ்கோவில் தன் வீட்டிலிருந்தே நடத்திய போஸ்ட்கார்ட் இசைத்தட்டு நிறுவனம் 1980இல் குழுவின் முதல் தட்டை வெளியிட்டது. பின்னாளைய ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழு வரை இந்த வாசனை அடிக்கிறது.

கேள்வி: ஆரஞ்ச் ஜூஸின் ‘ரிப் இட் அப்’ பாட்டில் குமிழிவிடும் அந்த பேஸ் ஒலி என்ன கருவி?

பதில்: ரோலண்ட் டிபி-303. தனியாகப் பயிற்சி செய்யும் கிதார்க்காரர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்க வந்த சிறு மின்னணுப் பெட்டி. ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை அதைப் பிடித்துக்கொள்வதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1983இல், இந்தப் பாட்டு எட்டாம் இடத்துக்குப் போனது.

கேள்வி: குழு கலைந்த பின் என்ன செய்தார்?

பதில்: 1985இல் கலைந்தது. 1989, 1990இல் இரண்டு தனி ஆல்பங்கள், வாங்கியவர்கள் குறைவு. 1994இல் ‘கார்ஜியஸ் ஜார்ஜ்’ வந்தது. மேலே சொன்ன பாட்டு அதில்தான்.

கேள்வி: பக்கவாதத்தில் பேச்சிழந்தவர் எப்படி மறுபடி பாடினார்?

பதில்: 2005 பிப்ரவரியில் மூளையில் இரண்டு முறை இரத்தக்கசிவு. பிறகு வாயில் வந்தவை நான்கே: ‘ஆம்’, ‘இல்லை’, மனைவி கிரேஸ் மேக்ஸ்வெல்லின் பெயர், ‘சாத்தியங்களுக்கு முடிவில்லை’ என்ற ஒரு வாக்கியம். வலக்கை வரவில்லை. இடக்கையால் பறவைகளை வரைந்து வரைந்து மீண்டார். கிதாரில் இடக்கை விரல்கள் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) அழுத்திப் பிடிக்கும். தந்தியை மீட்ட இன்னொருவர் வேண்டும்.

2007இல் வந்த ‘ஹோம் அகெய்ன்’ ஆல்பத்தை நோயின் குரலாகக் கேட்டுக் கலங்குபவர்கள் உண்டு. அது நோய்க்கு முன்பே பதிவானது. உண்மையான மறுபிறவி 2010இன் ‘லூசிங் ஸ்லீப்’. கிதார் கலைஞர் ஜானி மார், பாடகர் ரோடி ஃபிரேம் எல்லாம் கைகொடுத்தார்கள். பழைய காலின்ஸ் சொல்லைச் சுழற்றி விளையாடுவார், சில சமயம் அதிகமாகவே. இதில் வரிகள் குட்டை, சொற்கள் நேரடி. எனக்கு இந்தக் காலின்ஸைத்தான் அதிகம் பிடிக்கிறது.

கேள்வி: இப்போது எங்கே இருக்கிறார்? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், ஹெல்ம்ஸ்டேல் என்ற சிற்றூரில் ஒலிப்பதிவுக்கூடம் கட்டிக்கொண்டார். 2019இன் ‘பேட்பே’ ஆல்பம் அங்கே பிறந்தது. பக்கத்தில் பாழடைந்து கிடக்கும் கிராமத்தின் பெயர் அது. ‘லூசிங் ஸ்லீப்’பை முதலில் கேளுங்கள், அடுத்து ஆரஞ்ச் ஜூஸின் 1982 முதல் ஆல்பம். ‘எ கேர்ள் லைக் யூ’ எப்படியும் எங்காவது காதில் விழுந்துவிடும்.