அட்டைப்பெட்டியும் குழியானையும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மகளுக்கு நாலரை வயது, எல்கேஜி போகிறாள். கையில் கிடைத்ததையெல்லாம் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். போன மாதம் ரிமோட்டைப் பிரித்துவிட்டாள். வாயைத் திறந்தால் ‘ஏன்’தான். ஆர்வத்தை வளர்க்கலாம் என்று இவர் ஆன்லைனில் ஒரு சயின்ஸ் கிட் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து காட்டினோம். இரண்டு நாள் பார்த்தாள், அப்புறம் அது வந்த அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். யூடியூபைப் பார்த்து நான் சில சோதனைகள் செய்து காட்டினாலும் இதே கதைதான், பார்த்துவிட்டு ஓடிவிடுகிறாள். மிஸ், “கவனம் பத்தலைங்க” என்கிறார். மாமியார், “சேட்டை ஜாஸ்தி, கண்டிச்சு வை” என்கிறார். நான் வேலைக்குப் போய்த் திரும்ப ராத்திரி ஏழாகிவிடும். இவளுக்கு நான் என்ன செய்யட்டும்? இன்னும் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

— ஒரு அம்மா

அன்புள்ள தங்கைக்கு,

எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் ‘செய்து காட்டினோம்’, ‘செய்து காட்டினாலும்’ என்று இரண்டு இடத்தில் வருகிறது. விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2011இல் அமெரிக்காவில் எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷுல்ஸ் முதலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளிடம் புதிதாகச் செய்த ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் நாலு வேலைகள் ஒளிந்திருந்தன. ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும், ஓரிடத்தில் விளக்கு எரியும், ஓரிடத்தில் இசை வரும், ஒரு குழாய்க்குள் கண்ணாடி இருக்கும். சில பிள்ளைகளுக்கு, “இது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறேன், பார்” என்று சொல்லி அந்தச் சத்தத்தை மட்டும் காட்டினார்கள். வேறு சிலர் முன்னால், கை தவறிப் பட்டதுபோல அதே சத்தத்தை வரவழைத்தார்கள். பாடமாகக் காட்டப்பட்ட பிள்ளைகள் அந்தக் குழாயையே இழுத்துக்கொண்டிருந்துவிட்டுச் சீக்கிரம் பொம்மையைக் கீழே வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் அதிக நேரம் நோண்டினார்கள், ஒளிந்திருந்த மற்றதையும் அதிகம் கண்டுபிடித்தார்கள்.

பிள்ளைகள் செய்தது ரொம்ப நியாயமானது. தெரிந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்து காட்டுகிறார், ஒன்றுதான் காட்டுகிறார் என்றால், அதில் அவ்வளவுதான் இருக்கும் என்று நம்புவது புத்திசாலித்தனம்தான். உங்கள் மகளும் அதைத்தான் செய்கிறாள். அம்மா காட்டியாயிற்று, பார்த்தாயிற்று, முடிந்தது. இதனால் சொல்லிக்கொடுப்பதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுப்பு, பிளக் பாயிண்ட், ரோடு, இதையெல்லாம் சொல்லித்தான் தர வேண்டும், அழுத்தமாகவே. அவள் தானே கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் மட்டும் உங்கள் கை முந்த வேண்டாம்.

கிட்டை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் போனதற்கும் இதே காரணம் உண்டு. கிட்டில் சரியாக வரவேண்டியது ஒன்று, மற்றதெல்லாம் தப்பு. பெட்டியில் அப்படி எதுவும் கிடையாது. அரவிந்த் குப்தா பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டுப் புனேயில் லாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹோஷங்காபாத் போனார். மத்தியப் பிரதேசக் கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்தே அறிவியல் கற்கும் திட்டம் ஒன்று 1972இலிருந்து அங்கே நடந்துகொண்டிருந்தது. அங்கே அவர் கையில் எடுத்தது தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும். டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, மருந்து சுரண்டிய குச்சிகளை அதில் செருகி முக்கோணம், சதுரம் செய்யலாம். சதுரத்தை அமுக்கினால் சாய்ந்துவிடும். முக்கோணம் அசையாது. பாலத்திலும் கூரைச் சட்டத்திலும் முக்கோணங்கள் ஏன் இருக்கின்றன என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். குப்பையில் போகிற சாமானை வைத்து அவர் செய்த பொம்மைகளுக்குக் கணக்கே இல்லை. 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குச்சியும் டியூபும் உங்கள் மகளுக்கு இன்னும் ஓரிரண்டு வருஷம் போகட்டும்.

இப்போதைக்கு அவளுக்குத் தண்ணீர் போதும். அவளாகவே தேர்ந்தெடுத்ததும் அதுதானே. ராத்திரி நீங்கள் சமைக்கும்போது அடுப்பிலிருந்து தள்ளி ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஒரு கமலா ஆரஞ்சைக் கொடுங்கள். போடுவதற்கு முன்னால், “என்ன ஆகும்னு நினைக்கிற?” என்று கேளுங்கள். மிதக்கும். அப்புறம் தோலை உரித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் முழுகிவிடும். எடை குறைந்த பிறகு முழுகுகிறதே என்று பெரியவர்களுக்கே ஒரு நிமிஷம் குழப்பமாக இருக்கும். தோலுக்குள் காற்று நிறைந்த சின்னச் சின்ன அறைகள் இருப்பதுதான் காரணம். அதை அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். அவள் எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் என்று தேடி எடுத்து வரட்டும். எவர்சில்வர் கிண்ணம் நேராக வைத்தால் மிதக்கும், சாய்த்து வைத்தால் முழுகும். ஒரே கிண்ணம்தானே என்று அவளே உங்களைக் கேட்பாள். தரை நனையும். பழைய துணி ஒன்றைக் கொடுத்துவிட்டால் துடைப்பதையும் விளையாட்டாகத்தான் செய்வாள்.

மாமியார் ஊருக்கு எப்போதாவது போவீர்கள் இல்லையா? போனால் குழியானை என்ற சின்னப் பூச்சியைக் காட்டச் சொல்லுங்கள். கண்டிக்கச் சொல்கிறவருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்கும், சின்ன வயதில் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்திருப்பார். திண்ணை ஓரம், கோயில் மண்டபத்து ஓரம், மழைச் சாரல் படாத பொடிமண்ணில் புனல் மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அடியில் மண்ணுக்குள் அது காத்திருக்கும். எறும்பு விளிம்பில் கால் வைத்தால் மண் சரியும், ஏறப் பார்த்தால் கீழிருந்து மண்ணை வாரி அடிக்கும். குழியின் சரிவு மண் நிற்கக்கூடிய எல்லையிலேயே இருக்கிறது, அதனால்தான் எறும்பு கால் வைத்ததும் சரிகிறது. இந்தப் பூச்சி பின்பக்கமாகவே நடக்கும். ஒன்றை எடுத்துப் பொடிமண் நிரப்பிய டம்ளரில் விட்டால் பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் புதுக் குழி இருக்கும். ஈரமண்ணில் விட்டால்? கொரகொரப்பான மணலில் விட்டால்? இரண்டு டம்ளர் இருந்தால் நாலரை வயதுப் பிள்ளையே செய்து பார்க்கலாம். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், அதுவும் அவள் கற்க வேண்டியதுதான். அது பெரிதாகி, கூடு கட்டி, தட்டான் போல இறக்கையோடு வெளியே வரும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லலாம். அதை அவள் தானாகப் பார்ப்பதற்கு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில்கூட ஆகும்.

‘ஏன்’ பற்றிக் கேட்டிருந்தீர்கள். “நீ என்ன நினைக்கிற?” என்று திருப்பிக் கேட்கச் சொல்லி இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். சில நேரம் நல்லதுதான். எல்லா ஏனுக்கும் அப்படித் திருப்பிக் கேட்டால் பிள்ளை ஏமாந்துபோகும், அது பதில் வேண்டும் என்றுதானே கேட்கிறது. வேலை முடிந்து களைத்து வந்த நாளில் தெரிந்ததை நேராகச் சொல்லுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து பார்க்கலாம் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். குறித்ததை மறக்காமல் செய்யுங்கள்.

ரிமோட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் பட்டன் பேட்டரி எதில் எதில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். சின்ன ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, எடை மெஷின், கார் சாவி. விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கிவிட்டாள் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சார்ஜர், பழைய செல்போன் எதையும் பிரிக்கக் கொடுக்காதீர்கள். பிரிக்க ஆசைப்படுகிறவளுக்கு ஓடாத சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுங்கள். பேட்டரியை எடுத்துவிட்டு, கண்ணாடியை நீங்களே கழற்றிவிட்டு, ஒரு சின்னத் திருப்புளியோடு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று பிடித்துச் சுற்றுவதைப் பார்க்க நன்றாக இருக்கும். திருப்பிப் பூட்ட வராது, பரவாயில்லை.

கடைசியாகப் பள்ளிக்கூடம். குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். மூன்று வயதுக் குழந்தை ஒன்று மர உருளைகளைக் குழிகளில் போட்டு எடுத்துப் போட்டு எடுத்து விளையாடுவதை அங்கே கவனித்தார். சுற்றிலும் மற்ற பிள்ளைகளைப் பாட விட்டார், அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார், அவள் நிறுத்தவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்த பிறகு தானே எழுந்தாள். சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது என்ற எண்ணத்தையே மாற்றிவிட்டது அது. அதே மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். ஆகவே இது நம் ஊருக்கு அறிமுகம் இல்லாத யோசனை இல்லை.

தண்ணீர்ப் பாத்திரத்தின் முன்னால் அவள் எவ்வளவு நேரம் உட்காருகிறாள் என்று நீங்களே ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மிஸ்ஸைப் பார்க்கும்போது சண்டை போடாமல் அதைச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார், பாவம். வகுப்பில் கையால் எடுத்துச் செய்ய என்னென்ன இருக்கிறது, அதைப் பிள்ளைகள் எப்போது தொடலாம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் புளியங்கொட்டை, பாட்டில் மூடி, கூழாங்கல் என்று ஒரு டப்பா நிறையச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரும்பாலான மிஸ்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
அக்கா