சார்ஜர் அடாப்டரில் இருப்பது ஏ, ஓ இல்லை

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஆங்கிலச் சொற்களை அகர வரிசைப் பட்டியலில் மனப்பாடம் செய்கிறேன். அடேப்ட், அடெப்ட், அடாப்ட் மூன்றையும் ஒவ்வொரு முறையும் மாற்றிப் போட்டுவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஞாபகசக்தியில் குறையே இல்லை. மூன்று சொல்லுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆங்கில எழுத்துதான் வித்தியாசம்: முறையே ஏ (adapt), இ (adept), ஓ (adopt). போதாததற்கு நம் நாக்கும் குழப்புகிறது. செல்போன் சார்ஜரோடு வரும் அடாப்டரை நாம் 'டா' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் ஓ போடத் தோன்றுகிறது. எழுத்தில் அங்கே வருவது ஏ.

அந்த அடாப்டரையே பிடித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து சார்ஜரின் பட்டையான மூன்று பின்கள் நம் சுவர் சாக்கெட்டின் உருண்டைத் துளைகளில் நுழையாது. இடையில் அடாப்டர் மாட்டினால் சரியாகப் பொருந்திவிடும். அதுதான் அடேப்ட்: பொருந்தும்படி மாற்றுவது, இடத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வது. புது ஊரின் வெயிலுக்குப் பழகிக்கொண்டார் என்று எழுத இந்தச் சொல்தான் வேண்டும். அப்போது பின்னால் 'டு' வரும். நாவலைத் திரைக்கதையாக்குவதும் இதே சொல்.

ஓ வரும் அடாப்ட், விரும்பி நமதாக்கிக்கொள்வது. 'ஆப்ஷன்' பிறந்த அதே லத்தீன் வேர். தேர்ந்தெடுப்பது என்று பொருள். ஆப்ஷனுக்கு முதல் எழுத்து ஓ என்பதை நினைத்துக்கொண்டால் போதும். நம் அரசியலமைப்பின் முகப்புரையில், 1949 நவம்பர் 26 அன்று இதை ஏற்கிறோம் என்று வருகிறதே, அங்கே இருப்பதும் இந்தச் சொல்தான். குழந்தையைத் தத்தெடுப்பதற்கும் இதுவே. என்னிடம் திருத்த வந்த ஒரு கட்டுரையில், ஒரு தம்பதி பெண் குழந்தையைத் தத்தெடுத்ததைச் சொல்லும் இடத்தில் ஏ போட்டிருந்தார்கள். குழந்தையை மாற்றியமைத்தார்கள் என்று அர்த்தமே மாறிப்போனது.

அடெப்ட் வினைச்சொல்லே இல்லை. ஒன்றில் கைதேர்ந்தவரைச் சொல்வது. எக்ஸ்பர்ட்டின் முதல் எழுத்துதான் இதன் நடு எழுத்தும். கோடிட்ட இடத்துக்கு முன்னால் 'இஸ்', பின்னால் 'அட்' இருந்தால் யோசிக்காமல் இதைப் போடுங்கள்.

அப்புறம், அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அகர வரிசை சொல்லைத் தேடுவதற்கு வசதி. மனதில் பதியவைக்க உதவாது, ஒத்த சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடும். மூன்றையும் ஒரே நாளில் தொடாதீர்கள். இன்று சார்ஜரை வைத்து மட்டும் சொந்தமாக நாலு வாக்கியம் எழுதுங்கள். தத்தெடுப்பு இரண்டு நாள் கழித்து வரட்டும்.